கைலியோடு ஃபேஷன் வீக்குக்கு

பிரியமுள்ள வாப்பா,

உங்கள் நீலக் கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு துபாயில் ஒரு பெரிய ஃபேஷன் வீக்குக்குப் போய் வந்தேன். வெறும் பார்வையாளனாக.

இங்கே புஜைராவில் நீங்கள் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கைலி அறையைத் தாண்டவில்லை. குப்பை கொட்டக் கீழே இறங்குவதென்றாலும் பேன்ட் மாட்டுவீர்கள். ரூமில் எல்லோரும் அப்படித்தான். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். "எதுக்கு வம்பு?" அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்ததே இல்லை.

வாசலில் செக்யூரிட்டி. ராமநாதபுரத்துக்காரர். கைலியைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறிவிட்டார்.

"என்ன தம்பி, ரூம்ல படுத்திருந்து அப்படியே எந்திரிச்சு வந்துட்டீகளா? யல்லா, பேன்ட் மாத்திட்டு வாங்க."

"டிக்கெட்ல பேன்ட்னு எழுதலயே அண்ணே."

"சூப்பர்வைசரம்மா பாத்தா என் டூட்டி கலாஸ்."

எனக்கு முன்னால் போனவர் மெத்தை உறை போல ஒன்றைப் போர்த்தியிருந்தார். அவரை யாரும் நிறுத்தவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். டிசைனரா என்று இந்தியில் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு ஆமாம் என்றார். நான் தலையாட்டியிருந்தால் முடிந்தது.

"இல்லை. பார்வையாளன். இது கைலி. என் வாப்பாவுடையது. இவர் தடுத்தார், நான்தான் திரும்பிப் போகவில்லை."

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். அந்த அம்மா டிக்கெட்டைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது. "அச்சா, ஜல்தி" என்று உள்ளே கை காட்டினார்.

அவ்வளவுதான் வாப்பா. ஆயுள் முழுக்க நீங்கள் பயந்த வாசல், அவ்வளவுதான்.

அண்ணன் காதருகே குனிந்தார். "மூட்டுன கைலிதானே? உள்ள போயி அவுந்து கிவுந்து தொலைச்சிராதீக."

மேடையில் ஒருவன் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தான். கைதட்டல். அறிவிப்பில் அதற்கு வேறு ஏதோ பெயர். பக்கத்தில் இருந்தவரிடம் கைலி என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன்.

யாருக்குப் பயந்தீர்கள்? அப்படி ஓர் ஆள் இருந்தாரா? உங்களைக் கோழை என்று சொல்ல மாட்டேன். சொல்லவும் விட மாட்டேன். ஆனால் அந்த "எதுக்கு வம்பு" மட்டும் எனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் புஜைராவுக்குப் போகிறேன். உங்கள் ரூம்காரர்களைக் கைலியோடு கடற்கரைக்குக் கூப்பிடுவேன். சிரிப்பார்கள். ஒருவரும் வராவிட்டால் நான் மட்டும் நடப்பேன். இது வாக்கு.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெட்டியைத் திறந்து கைலியை எடுத்த,
உங்கள் மகன்