அழிஞ்சுபோன கதைக் கேசட்

நிஷாந்தி அப்பாவுக்கு,

புள்ளையோட புத்தகக் காசுலருந்து நீங்க எடுத்த முந்நூற்று நாப்பது ரூபா இன்னும் வரல. காலு ஒடைஞ்சு தோட்டத்து லயத்து வீட்டுல கெடக்குற புள்ளைக்கு அவ பள்ளிக்கூடத்து லோஜனா டீச்சர் காசு வாங்காமலே கதை வாசிச்சுக் கேசட்டுல பதிஞ்சு குடுத்தாங்க. அதைக் கேட்டுக்கிட்டே புத்தகத்துல வெரல் வச்சுப் பாத்துத்தான் நானும் எழுத்துக் கத்துக்கிட்டேன். யாரும் மேல பதிஞ்சு அழிக்கக் கூடாதுன்னு கேசட்டு மூலையில இருக்குற சின்னத் தகட்டை ஒடைச்சு வச்சேன். நீங்க அந்த ஓட்டையில பேப்பரை அடைச்சுக் குடிகாரப் பாட்டைப் பதிஞ்சிருக்கீங்க. புள்ள இப்ப அதைத்தான் பாடுது.

ரொட்டி அடுப்புக்கிட்ட இருக்கு. அவளுக்கு மொதல்ல குடுங்க.

நீங்க அஞ்சாம் வகுப்பு படிச்சவரு. ஒருநாளாவது அவளுக்கு வாசிச்சீங்களா?

இன்னொண்ணு: முந்நூற்று நாப்பதை இனிக் கேக்க மாட்டேன். டீச்சர் மாத்தலாகி யாழ்ப்பாணம் போயிட்டாங்க. காசு குடுத்தாலும் அந்தக் குரல் கெடைக்காது.