முன்னறைத் தரை

மார்ச் 4
வீட்டு முன்னறைதான் என் தையல்கடை. அங்கே மிஷினின் ஒரு கால் இன்று தரைப்பலகைக்குள் இறங்கிவிட்டது. பள்ளிச் சீருடைகள் பாதியில் கிடக்கின்றன. மகன் வந்து எட்டிப் பார்த்தான். “கடைய மூடிட்டு எங்க ஃபிளாட்டுக்கே வந்துடும்மா. தைச்சது போதும்.”
போதுமாமே! யாருக்குப் போதும்? வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். அதிசயம்தான்.

மார்ச் 5
மருமகள் வந்தாள். தச்சு வேலைதான் அவளுக்குத் தொழில். பலகைகளைப் பெயர்த்துவிட்டு, டார்ச்சோடு தரைக்கு அடியில் ஊர்ந்து போனாள். சுவரோரக் குழாய் கசிந்து, பலகைகளைத் தாங்கும் கட்டைகளின் முனைகள் மக்கிப்போயிருக்கின்றன. ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் கைப்பிடி வரை உள்ளே போகிறதாம். முகமெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தாள்.
“கடைய மூடணுமா?”
“எதுக்கு அத்தை? நடுவுல மரம் கல்லு மாதிரி இருக்கு. அழுகினத வெட்டிட்டு, பக்கத்துலயே புதுக்கட்ட வச்சு போல்ட் போட்டுடலாம்.”
எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தி மறைத்தேன்.

மார்ச் 8
குழாயை மாற்றியாயிற்று. இனி, தொய்ந்த தரையை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். ஒரு நாளைக்குக் கால் சுற்றுதான்! “வருஷக்கணக்கா இறங்கினது ஒரே நாள்ல ஏறாது அத்தை. அவசரப்பட்டா சுவர் விட்டுடும்.” சீருடைக்காரர்கள் என்னை விடுவார்களா?

மார்ச் 10
அவள் போனதும் நானே இறங்கி ஜாக்கியை ஒரு முழுச்சுற்று சுற்றினேன். மேலே ‘படார்’. சுவரில் விரிசல். ஏறி வந்து பார்த்தால் கதவு இறுகிக்கொண்டது — நான் உள்ளே! அவளுக்குத்தான் போன் போட்டேன். ஜன்னல் வழியாக ஏறி வந்தாள்.
“ஜாக்கிய தொட்டீங்களா?”
“லேசா.”
“எவ்வளவு லேசா?”
சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. கீழே இறங்கி ஒவ்வொரு கட்டையாகத் தட்டி, காது வைத்துக் கேட்டாள். “தப்பிச்சோம். பூச்சு மட்டும்தான் போச்சு.”
“அவன்கிட்ட சொல்லிடாதடி.”
“சொன்னா, நாளைக்கே கடைய மூடுன்னு நிப்பாரு. எனக்கென்ன பைத்தியமா?”

மார்ச் 11
தொடவில்லை.

மார்ச் 19
புதுக்கட்டை பழையதோடு சேர்ந்து உட்கார்ந்த அழகே அழகு. நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என்ன கை இவளுக்கு! ஆனால் அவள் பேண்ட்டைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. முழங்கால் இரண்டும் கிழிந்து தொங்குகின்றன.

மார்ச் 23
பலகைகளைத் திரும்ப அடித்தாயிற்று. மகன் அறையின் நடுவில் குதித்துப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. “இருந்தாலும் ஃபிளாட்டுக்கு...” என்று ஆரம்பித்தான்.
“அத்தைக்கு வேல கெடக்கு. நீங்க மிஷினப் பிடிங்க,” என்றாள்.
வைத்தால் ஆடுகிறது! எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தேன்: பழைய சரிவுக்காக அதன் காலில் நான் கட்டிவைத்த அட்டை. பிய்த்து எறிந்தேன். நின்றது.
முதலில் தைத்தது சீருடை அல்ல. தடித்த துணியில் ஒரு பேண்ட் — முழங்காலில் பஞ்சு வைத்த இரட்டைத் துணி, டேப்புக்கு ஒரு பை, பென்சிலுக்கு ஒரு பை. அளவெடுக்கவில்லை. இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அளவு எதற்கு?

மார்ச் 25
போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள் சாயங்காலம் நேராக இங்கே வந்தாள்.
“அத்தை, எங்க ஆளுங்க நாலு பேரு இதே மாதிரி கேக்கறாங்க.”
“சீருடை முடியட்டும். வரிசையில நிக்கச் சொல்லு.”