முளை இறங்காத கூடாரம்

12 மே 1938, வியாழன்

கொழும்பிலிருந்து பெட்டி வந்துவிட்டது. கூடாரம் ஒன்று, இரும்பு முளை பன்னிரண்டு, முதுகுப்பை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் குடுவை, தேத்தண்ணீர் குடிக்க வெள்ளை எனாமல் பேணி, தடித்த தோல் சப்பாத்து. முப்பத்தாறு வயது உபாத்தியாயர் ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படலாமா? பட்டேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு விறாந்தையில் நாலு தரம் நடந்தேன்.

குசினி வாசலில் நின்று பரிமளம், "என்னப்பா, அந்த மாட்டுத்தோலோடை இஞ்சாலை வராதேங்கோ" என்றாள். சப்பாத்து இப்போது மாட்டுக்கொட்டிலில். சொந்தக்காரரோடு இருக்கட்டும்.

முதலில் வயலின், பிறகு தேனீப்பெட்டி, இப்போது இது — என்று அவள் சொல்லவில்லை. பார்த்தாள்.

14 மே, சனி

முற்றத்தில் கூடாரம் அடித்துப் பார்த்தேன். எங்கள் நாரந்தனை மண்ணில் முளை சொன்ன சொல் கேட்டு இறங்கியது. ஓலை அசையக் காற்றில்லை. கன்றுக்குட்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. முதல் விருந்தாளி.

20 மே, வெள்ளி

தலைமையாசிரியர் இராசநாயகம் கூப்பிட்டனுப்பினார். என் சாரணர் பதினெட்டுப் பேரையும் ஆவணி விடுமுறையில் நெடுந்தீவு முகாமுக்குக் கூட்டிப்போகக் கேட்டிருந்தேன் அல்லவா, அது பற்றி.

"முதல்லை நீர் தனியப் போய் ரெண்டு இரவு இருந்திட்டு வந்து அறிக்கை தாரும், அப்புத்துரை. அங்கை பெடியள் ஆற்றை வீட்டுச் சோறு, ஆற்றை கைத்தண்ணி எண்டு தாய்தேப்பன் கேப்பினம். அதுக்கு என்னட்டை மறுமொழி இருக்கவேணும்."

"எல்லாம் எங்கடை அடுப்பிலை, எங்கடை பேணியிலை, சேர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஏதும் பிழை வந்தால் முகாமுமில்லை, சாரணர் பொறுப்பும் தேகாப்பியாச வாத்தியார் மார்க்கண்டுவுக்குப் போய்விடும். இரண்டு வருஷமாகப் பெடியளுக்கு முடிச்சுப் போடத்தான் பழக்கியிருக்கிறேன். கூடாரத்தைக் கண்ணால் காணாத சாரணர்கள், பாவங்கள்.

பரிமளத்துக்கும் நிம்மதி. "சொந்த அடுப்பெண்டால் பயமில்லை."

2 ஜூன், வியாழன்

நாளை வள்ளம். அறிக்கையை இன்றே எழுதிவிட்டேன். 'கூடாரம் காற்றுக்கு அசையாது நின்றது. உணவு, நீர் யாவும் சொந்த ஏற்பாட்டிலேயே.' நல்ல தமிழ். இனிப் போய்வருவது ஒன்றுதான் பாக்கி.

4 ஜூன், சனி. நெடுந்தீவு

எங்கிருந்து தொடங்க? காலிலிருந்தே தொடங்கலாம். நேற்றுத் துறையிலிருந்து இரண்டு மைல் நடப்பதற்குள் இரண்டு குதிக்கால்களும் உரிந்துவிட்டன. குடுவைத் தண்ணீர் மத்தியானமே முடிந்தது.

குதிரைகள் மேயும் வெட்டையில் இடம் பார்த்தேன். முளையை வைத்து அடித்தேன். விரலளவு போயிற்று, பிறகு 'ணங்'. இடம் மாற்றி அடித்தேன். 'ணங்'. மூன்றாவது முளை வளைந்தே போயிற்று. கல்வேலிக்கு அப்பால் மாடு பார்த்துக்கொண்டிருந்த சந்தியோகு என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"வாத்தியார், இஞ்சை மண் மேலாலை தூவின மாதிரித்தான், கீழை முழுக்கக் கல்லு. நாங்கள் மாட்டைக்கூட முளையிலை கட்டுறேல்லை. பெரிய கல்லா நாலு உருட்டி அதிலை கயித்தைக் கட்டுவமே?"

நான் என்ன சொன்னேன்? "புத்தகத்திலை அப்படி இல்லை" என்றேன். சொன்னேன்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விரலளவு இறங்கிய முளைகளிலேயே கூடாரத்தைக் கட்டி நிமிர்த்தினேன். சோளகக் காற்று ஒரு மூச்சுத்தான் விட்டது. குதிரைகள் வெருண்டு ஓட, பின்னால் கூடாரம் ஓட, அதற்குப் பின்னால் ஒற்றைச் சப்பாத்தோடு நான். கூடாரம் பனங்கூடலுக்குள் போய் மறைந்தது. திரும்பி வந்து அடுப்பை மூட்டினால் காற்று அணைத்தது. ஆறாம் தரம் அடுப்பே சரிந்து, மண்ணெண்ணெய் முழுக்க அரிசிக்குள்.

சந்தியோகு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்திருப்பேன். "வாருங்கோ, வீடு கிட்டத்தான்" என்றார். போனேன். சுவரில் மாதா படம். மனைவி றோசம்மா கூழ் காய்ச்சி இறக்கியிருந்தா. என்னைப் பார்த்தா. போய்ப் பச்சைப் பனையோலை வெட்டிவந்து, குடிக்கத் தொன்னை மாதிரிப் பிளாக் கோலினா.

"எங்கடை கோப்பையிலை குடிக்கமாட்டியள். ஓலைக்கென்ன, அது மரத்திலை நிண்டது. மீன் போட்டது வாத்தியார், வெள்ளிக்கிழமை. எடுத்துப்போட்டுத் தரட்டோ?"

"வேண்டாம், இருக்கட்டும்."

இரண்டு பிளா நிறையக் குடித்தேன். மூன்றாவதை அவவுடைய சட்டிக்கோப்பையிலேயே கேட்டு வாங்கினேன். அப்படியொரு கூழை நான் எங்கேயும் குடித்ததில்லை. திண்ணையில்லாத அந்தச் சின்ன வீட்டுக்குள்ளேயே, அவர்கள் பாயில், செத்தவன் மாதிரித் தூங்கினேன்.

6 ஜூன், திங்கள்

அறிக்கையைக் கொடுத்தேன். எதை? வியாழக்கிழமை எழுதியதை. தலைமையாசிரியர் எல்லார் முன்னிலும் வாசித்து, "இதுதான் ஒழுங்கு" என்றார். ஆவணி முகாம் முடிவாயிற்று. பெடியள் கைதட்டினார்கள். மார்க்கண்டு கைகொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

11 ஜூன், சனி

காலையில் வாசல் படலையில் குரல். சந்தியோகு, தோளில் கூடாரம். பனையில் சிக்கியிருந்ததாம். ஊர்காவற்றுறைச் சந்தைக்கு வந்தவர் நாரந்தனை வரை சுமந்து வந்திருக்கிறார்.

"றோசம்மா கேக்கச் சொன்னவ, அண்டைக்குக் கூழ் வயித்துக்கு ஒத்துக்கொண்டுதோ எண்டு."

பரிமளம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் கறுத்துவிட்டது. உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எதில்? என் வெள்ளை எனாமல் பேணியில். குசினிப் பாத்திரத்தில் சேராத ஒன்று வீட்டில் அதுதானே.

கதிரையில் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தியோகு முற்றத்தில் நின்றே குடித்தார். கிணற்றடியில் தானே கழுவி, வேலியோரம் கவிழ்த்து வைத்தார். யாரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. "வாறன் வாத்தியார்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சீ, நானும் ஒரு மனுசனே? றோசம்மாவெண்டால் எனக்காகப் பச்சை ஓலை வெட்டினவ!

வேலியோரத்துப் பேணியை எடுத்துவந்து, மிச்சத் தேத்தண்ணீரை அதில் ஊற்றிப் பரிமளத்துக்கு முன்னாலேயே குடித்தேன். அவள் எழும்பி உள்ளே போனாள்.

12 ஜூன், ஞாயிறு

பரிமளத்திடமிருந்து சோறு மட்டும் வந்தது.

13 ஜூன், திங்கள்

உண்மையான அறிக்கை எழுதிக் கொடுத்தேன். முளை, மண்ணெண்ணெய் அரிசி, கூழ், கோப்பை, எல்லாம். வாசித்துவிட்டுத் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீர் எழுதாமல் விட்டிருக்கலாம்." முகாம் இல்லை. சாரணர் இனி மார்க்கண்டுவிடம். பெடியளின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பரிமளம் குசினிக்குள் பலகையில் இருந்தாள். கையில் எனாமல் பேணி. தேத்தண்ணீர் பாதி குடித்திருந்தாள். சேலைத் தலைப்பால் அதைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"கையைச் சுடுது" என்றாள். "இதிலையோப்பா நான் அந்த மனிசனுக்குக் குடுத்தனான்?"