மிதவைக் கயிற்றுக்கு உள்ளே கிடக்கும் குழி

அனுப்புநர்:
ஏரிப் படகுத்துறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்
('மூச்சுக்காரர்' என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள்; நெடுநேரம் மூச்சடக்கி முங்குவதால் வந்த பெயர்),
படகுத்துறைப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
ஏரிப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: மணல்கரையில் குளிப்போருக்கான மிதவைக் கயிறு பழைய மணற்குழிக்கு அப்பால் கட்டப்பட்டிருப்பது – வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இடம் மாற்றக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

1. மணல்கரைக்கு நேர் எதிரே தண்ணீருக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது. தங்கள் வரைபடத்தில் அது இருக்காது. முப்பத்தொரு கோடைக்கு முன்பு, உடை மாற்றும் அறைகள் கட்ட மணல் வேண்டுமென்று, ஏரி வற்றிக் கிடந்தபோது பன்னிரண்டு பேர் பதினேழு நாள் தோண்டினோம். மற்ற பதினோரு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்றைய மேற்பார்வையாளர், "ஒரு மழை பெஞ்சா தானா மூடிக்கும்" என்றார். மூடவில்லை. களிமண் விளிம்பு இன்றும் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது.

2. உடை மாற்றும் அறையின் இரண்டாவது தூணிலிருந்து அறுபத்து நான்காவது தப்படியில் குழி தொடங்கும்; எண்பதில் முடியும். அதனால்தான் நான் வேலையில் இருந்தவரை, ஏரி நிறைந்தாலும் வற்றினாலும், தூணிலிருந்து அறுபதாவது தப்படியில் கயிற்றைக் கட்டினேன். கோடையில் குளிக்கும் இடம் சுருங்கும்தான். வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டு வீடு போய்ச் சேர்வார்கள்.

3. இந்த ஆண்டு வந்திருக்கும் ஒப்பந்தக்காரர், குளிப்பவர்களுக்குத் தாராளமாக இடம் வேண்டும் என்று, தண்ணீர் விளிம்பிலிருந்து நாற்பது தப்படி அளந்து கட்டுகிறார். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க வாரத்துக்கு ஒரு முறை கயிறும் உள்ளே போகிறது. இன்று விளிம்பு தூணிலிருந்து நாற்பத்தைந்தாவது தப்படியில் இருக்கிறது. கயிறு எண்பத்தைந்தில். முழுக் குழியும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்! நேரில் போய்ச் சொன்னேன். "தாத்தா, உங்க காலத்துத் தூணைக் கட்டிக்கிட்டு எங்களால அழ முடியாது" என்றார். கயிறு தண்ணீரோடு நடக்கும், குழி நடக்காது தம்பி என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

4. சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பாயும் சாப்பாட்டுக் கூடையுமாக ஒரு தையற்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஒன்பது வயது மகள் இடுப்பளவுத் தண்ணீரில் பந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் நகர நகர நான் கரை மேட்டிலிருந்து தப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கத்திக்கொண்டே ஓடினேன். பந்து மட்டும் மிதந்தது. முங்கித் துழாவியதில் பின்னல் கையில் சிக்கியது. அதைப் பிடித்துத்தான் இழுத்தேன். அந்தத் தாய் ஓடி வந்து, "யோவ், பொம்பளப் புள்ள முடியையா புடிச்சு இழுக்கிற?" என்று என் முதுகில் அடித்தார். குழந்தை தண்ணீரைக் கக்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. பிறகு அவர் அழுத அழுகையை இந்தத் தாளில் எழுத வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

5. வாசல் காவலர் தம் பதிவேட்டில், 'சிறுமி கால் இடறி விழுந்தாள்' என்று எழுதியதாகக் கேள்வி. எனக்கு மட்டும் அன்றோடு உள்ளே வரத் தடை. "பெருசு, நாலு பேரு சந்தோஷமா இருக்க வர்ற இடம். குழி குழின்னு பீதியைக் கிளப்பாதே" என்றார். திங்களன்று தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். இதோ கொடுத்துவிட்டேன்.

6. என் பேச்சை நம்ப வேண்டாம். பன்னிரண்டு அடி மூங்கில் கழியோடு ஓர் ஆளை அனுப்புங்கள். அறுபத்து நான்காவது தப்படியில் ஊன்றிப் பார்க்கட்டும். கழி என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக் கயிற்றைக் கட்டுங்கள். வரும் ஞாயிறு பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு. கூடுதல் பேருந்துகள் விடுவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறது.

அதற்குள் கயிறு இடம் மாறாவிட்டால், அன்று விடிந்ததும் வாசலைத் தவிர்த்து, கோரைப்புல் மண்டிய பக்கமாக இறங்கி, குழியின் விளிம்பில் நானே நிற்பேன். எழுபத்தெட்டு வயதில் இடது முழங்கால் ஒத்துழைக்காது. ஆனாலும் பேருந்துகள் திரும்பும்வரை நிற்பேன். என்னை அப்புறப்படுத்த அந்த வாசல் காவலரை அனுப்புவதாக இருந்தால், கரைப் பக்கமிருந்து எனக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். எனக்குப் பின்னால் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். அந்தத் தம்பிக்கு நீச்சல் தெரியாது.

ஆவன செய்யுமாறு இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: வியாழக்கிழமை, காலை
இடம்: படகுத்துறைப் பின்தெரு

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
மூச்சுக்காரர்
(இடது கைப் பெருவிரல் ரேகை)