ஒடியும் போல்ட்டு ஒன்று தேவை

குட்டிக் குட்டியே என் மண்டையைப் பளபளப்பாக்கிய என் செல்ல அக்காவுக்கு,

இதனால் மேலே இருக்கும் உனக்கும், கீழே இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கும் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். யாராவது நம்பிவிட்டால் என் மீசையை எடுத்துக்கொள்ளலாம்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டிருப்பாய். "டேய், இதுல நெசம் எவ்ளோடா?" நானும் வழக்கம்போல விரல் நுனியைக் காட்டி, "கொஞ்சூண்டு" என்றிருப்பேன். கேட்க ஆளில்லாமல் புளுகுவது எவ்வளவு சிரமம் தெரியுமா அக்கா?

முதலில் உன் நிலத்துச் சேதி. புரட்டாசியில் முழங்கால் சேற்றில் நின்று நீ நட்ட நெல், ஐப்பசியில் நீ போனது தெரியாமல் வளர்ந்து, பூத்து, பால் பிடித்து, முற்றிவிட்டது. தலை கனத்துச் சாய்ந்து நிற்கிறது. காற்று வந்தால் மொத்த வயலும் சேர்ந்து ஒரு மூச்சு விடுகிறது. உன் மகள் செல்வி அந்தப் பக்கமே போவதில்லை. "அம்மா நட்டது மாமா. அது என்னியவே பாத்துக்கினு இருக்குது" என்கிறாள்.

பக்கத்தில் குடோன்காரன் எழுப்பிய மதில் நம் வண்டிப் பாதையை இடுப்பைப் பிடித்து இறுக்கிவிட்டது. வாடகைக்கு வரும் பெரிய அறுப்பு மெஷின்கள் மதிலோரம் வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் போகின்றன. கையால் அறுக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள். அந்தப் பாதையில் நுழையக்கூடிய ஒரே ஜீவன் உன் சீமாட்டிதான்.

கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். சீமாட்டி என்பது என் அக்கா ஓட்டிய கதிர் அறுக்கும் மெஷின். கப்பலேறி வந்த பழங்கால வண்டி. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனதே இதன் சத்தத்துக்குப் பயந்துதான் என்று நான் பல கல்யாண வீடுகளில் நிரூபித்திருக்கிறேன். அதை ஸ்டார்ட் பண்ணினால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி ஒரு தரம் இருமும்.

அந்தச் சீமாட்டியின் பல்லைத்தான் அக்கா, உன் மகள் உடைத்துவிட்டாள்.

திட்டாதே. முழுசும் கேள். வயலில் இறக்குவதற்கு முன் ஒரு நடை ஓட்டிப் பார்க்கலாம் என்று செல்வி மெஷினைத் துடைத்திருக்கிறாள். கதிரை உள்ளே இழுக்கும் பல்சக்கரத்தில் நீ மாட்டியிருந்த போல்ட்டு அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பார்த்தால் அதற்குத் தலையே இல்லை! ஒரு பக்கம் நட்டு, இன்னொரு பக்கம் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கிய மூக்கு. பாதி தேய்ந்தும் போயிருந்தது.

செல்விக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்ன வேலை என்று உனக்குத் தெரியும். போல்ட்டை மெஷினில் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். ஒடிந்தால் குப்பைக்கு. ஒடியாவிட்டால் முத்திரை. அப்படிப்பட்டவள் கையில் ஒரு முண்டம் போல்ட்டு கிடைத்தால் விடுவாளா? அம்மா மெஷினுக்கு என்று பார்த்துப் பார்த்து, இந்த ஜில்லாவிலேயே கெட்டியான போல்ட்டை வாங்கி வந்து மாட்டினாள்.

வயலோரத்து நெல்தாளில் நாலடி ஓட்டியதும் வைக்கோல் சிக்கியது. போல்ட்டு ஒடியவில்லை. சக்கரத்தில் ஐந்து பல் போய்விட்டது.

நான் என் ஊர் கடம்பத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவள் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "அந்த எடத்துக்கு ஒடியற போல்ட்டுதான்டி போடணும். வைக்கோல் சிக்குனா அது ஒடிஞ்சி மத்ததக் காப்பாத்தும். அது ஒடியலன்னா வேற எதனா ஒடியும்னு உங்கம்மா சொல்லுவா."

"எங்கிட்ட சொல்லலயே மாமா" என்றாள். "ஒடியறத ஓரங்கட்டறதுதானே என் வேலையே. அம்மா விட்டுட்டுப் போனது இது ஒண்ணு. இதையும் நானே ஒடச்சிட்டேன்."

அப்போதுதான் அக்கா, அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டேன். பொழுது சாயும் நேரம். கடல் காற்று ஏறியது. மெஷின் நிற்கும் கொட்டகையிலிருந்து 'டப்' என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'டப்'. நீ பானெட்டை அறைந்து மூடுவாயே, அதே மாதிரி.

செல்வி மடியிலிருந்த சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் வருது மாமா. அம்மாக்கு எம்மேல கோவம்." அதைச் சொல்லிவிட்டு, பழைய இரும்பு வாங்குபவனுக்குப் போன் போட்டுவிட்டதையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. சீமாட்டி கும்மிடிப்பூண்டி உலைக்குப் போகிறாள். நெல் சாய்ந்தால் சாயட்டும்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடு. இந்த மாமன் யாருன்னு காட்டறேன்" என்றேன். மாமன் யாரென்று மாமனுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

சக்கரம் கிடைத்தது பொதட்டூர்பேட்டைக்கு வெளியே. நான் விசாரிக்காத மெக்கானிக் இல்லை, ஆந்திரா எல்லை வரைக்கும் என் கேள்வி போய் எதிரொலித்துத் திரும்பியது. கடைசியில் ஒரு பெரியவர் கரும்புக்கு ஓரமாகக் கைகாட்டினார். அங்கே உன் சீமாட்டியின் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அதே சீட்டு, அதே ஸ்டியரிங். நடு வயிற்றைப் பிளந்துகொண்டு ஒரு வேப்பமரம் மேலே போயிருந்தது. ஓட்டும் சீட்டில் உதிர்ந்த இலைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன.

"துருவ எடுத்துக்கினு போயி இன்னா நைனா பண்ணப் போற?" என்றார் பெரியவர்.

"எங்க அக்காவுக்குப் பல்லு கட்டணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எடுத்துக்க. மரத்துக்கு வலிக்காம எடு" என்றார். காசு வேண்டாம் என்றுவிட்டார். அந்தச் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பாரம் தாங்காமல் பஸ் திருத்தணி வரை ஒரு பக்கமாகவே ஓடியது.

பாக்கி, ஒரு போல்ட்டு. ஒரே ஒரு போல்ட்டு!

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கா பஞ்சம்? உலை வாசல்களில் உடைந்த டிராக்டரும், பஸ் கதவும், கட்டிலும், ஒரு குழந்தையின் தொட்டிலும் தங்கள் முறைக்காகக் காத்துக் கிடக்கின்றன. ராட்சசக் காந்தம் ஒன்று இறங்கி ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போகிறது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்த வரிசையில் யார் நிற்பாள் என்று யோசித்தபடியே கடை கடையாக ஏறினேன்.

"கெட்டியா இருக்குது, அதவிடக் கெட்டியா இருக்குது, யானைய கட்டனாலும் அசையாதது இருக்குது. ஒடியறது இன்னாத்துக்குபா ஒனக்கு?" என்றார் ஒரு கடைக்காரர். அடுத்த கடையில், "எங்களப் பாத்தா அவ்ளோ மட்டமாவா தெரியுது?" என்று அடிக்கவே வந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய பேட்டையில் ஒடிவதற்குச் சம்மதிக்கும் ஓர் இரும்பு இல்லை.

கடைசியாக லேத்துப் பட்டறை மரியதாஸிடம் போய் விழுந்தேன். உன் பழைய முண்டம் போல்ட்டைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு" என்றேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார். தேய்த்துப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"யோவ், இது மெஷின் போல்ட்டே இல்ல. தகரக் கூரைக்கு மாட்டற கொக்கி. வளைஞ்ச பக்கத்த வெட்டிட்டு மூக்கைத் தட்டிக்கிறாங்க. அங்குலக் கணக்கு, அந்தக் காலத்து மரை. சீமை மெஷின் ஓட்டைக்குக் கரெக்டா உக்காரும். சாஃப்ட் இரும்பு, சமயத்துல ஒடியும். எவனோ மூளக்காரன்யா."

"மூளக்காரி" என்றேன்.

"இப்ப இந்தக் கொக்கி எவன் விக்கறான்? எல்லாம் ஸ்க்ரூவுக்குப் போயிட்டானுங்க. அந்தம்மா எந்தக் கூரைலேந்து எடுத்தாங்களோ, அங்க போய்ப் பாரு."

அக்கா, பட்டறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். எந்தக் கூரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'டப்' என்கிற கூரை.

வீட்டுக்கு வந்தால் லாரி வந்து நிற்கிறது. இரும்புக்காரன் சங்கிலியை எடுத்துக்கொண்டு சீமாட்டியைச் சுற்றி வருகிறான். சீட்டில் நீ மடித்துப் போட்ட கோணி, நீ உட்கார்ந்த பள்ளத்தோடு அப்படியே இருக்கிறது. நான் பவ்யமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அண்ணே, சீட்டுல இருக்கறவங்கள எறங்கச் சொல்லிட்டுக் கட்டுங்க" என்றேன்.

"யாருய்யா இருக்காங்க?"

"எங்க அக்கா. ஐப்பசில போனவங்க. கோவக்காரங்க."

அவன் கோணியைப் பார்த்தான். அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். அந்தச் சமயம் பார்த்துக் கடல் காற்று ஏறியது. 'டப்!' சங்கிலியைக்கூட எடுக்காமல் ஓடினான். லாரி ரிவர்ஸிலேயே நெல்லூர் வரை போனதாகக் கேள்வி.

செல்வி என்னை முறைத்தாள். "வெளையாடறதுக்கு வேற விஷயமே கெடைக்கலியா மாமா?"

"வெளையாட்டில்ல. ஏணி எடுத்துக்கினு வா. உங்கம்மா எதுக்குத் தட்டறான்னு காட்டறேன்."

ஏணியில் ஏறிய செல்வி ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் ஓட்டை. ஓட்டை வழியாக வெயில் கோடு கோடாகச் சீமாட்டி மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு கொக்கியாய்க் கழற்றி மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, கூரையை அதன் பாட்டுக்குக் காற்றில் ஆடி அடித்துக்கொள்ள விட்டிருக்கிறாய். மூலையில் நாலைந்து கொக்கி மட்டும் மிச்சம்.

"கோவமில்லையா மாமா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"போல்ட்டு இங்கதான்டி இருக்குதுன்னு சொல்லியிருக்கறா."

அதை நான் நம்பித்தான் சொன்னேனா, அவளைத் தேற்றச் சொன்னேனா? எனக்கே தெரியவில்லை. கூரையிலிருந்து கழற்றுவதை ஏன் அக்கா எங்களிடம் சொல்லவே இல்லை? கேட்டால்தானே சொல்வாய், இல்லையா?

மிச்சக் கொக்கிகளையும் கழற்றினோம். பிடிக்க எதுவும் இல்லாத தகரங்களை இறக்கி, தரையில் அடுக்கி, மேலே அம்மிக் குழவியைப் பாரம் வைத்தோம். கொட்டகைக்கு மேலே வெறும் வானம். நான் வெட்ட, செல்வி மூக்கைத் தட்டினாள். பொதட்டூர்பேட்டைச் சக்கரத்தை மாட்டி, உன் கோணி மேலேயே உட்கார்ந்து சீமாட்டியை வயலில் இறக்கினாள். மதிலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு எறும்பு போகலாம், அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

நடு வயலில் நெல் அடர்த்தியாகச் சாய்ந்திருந்த இடத்தில் வைக்கோல் சிக்கியது. 'டிக்' என்றது. எல்லாம் நின்றுவிட்டது.

செல்வி குதித்து இறங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். சக்கரத்தில் ஒரு பல்லுக்கும் சேதமில்லை. கையில் இரண்டு துண்டாக உன் கொக்கி. "மாமா, ஒடிஞ்சிருச்சு! ஒடிஞ்சிருச்சு மாமா!" என்று வயல் முழுக்கக் கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. ஒடிந்த போல்ட்டுக்கு அப்படிக் குதித்த ஒரே ஆள் அந்தத் தொழிற்பேட்டையிலேயே அவள்தான். அடுத்த கொக்கியை மாட்டினாள். பொழுதுக்குள் நீ நட்ட நெல் மொத்தமும் மூட்டையில் ஏறிவிட்டது.

உன் வருஷம் திரும்பாததால் வீட்டில் பொங்கல் இல்லை. ஆனால் முதல் படி அரிசி உன் படையலுக்கென்று தனியாக இருக்கிறது. இரண்டாம் படி பொதட்டூர்பேட்டைப் பெரியவருக்கு.

இனி என் வாக்குறுதி. சீமாட்டியை எந்த உலையின் வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொள்வேன். அந்த இடத்தில் ஒடியும் போல்ட்டைத் தவிர வேறு எதுவும் ஏறாது. பழைய தகரக் கூரை பிரிக்கிற வீடு எங்கே என்று இப்போதே மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கொட்டகைக்குப் புதுக் கூரை போடும்போது ஒரு மூலையை மட்டும் இறுக்க வேண்டாம் என்று செல்வி சொல்லிவிட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

சரி, இப்போது நீ கேட்பாய். "இதுல நெசம் எவ்ளோடா?"

புகைபோக்கி இருமவில்லை. பஸ் சாயவில்லை. லாரி கவரப்பேட்டை முனையிலேயே திரும்பிக்கொண்டது. எல்லாவற்றையும் கழித்துக்கொள். ஒன்றை மட்டும் விட்டுவை. அறுப்பு முடிந்த சாயங்காலம், மூட்டைகள் மேல் நானும் செல்வியும் உட்கார்ந்திருந்தோம். தகரமெல்லாம் குழவிக்கு அடியில் தரையில் கிடந்தது. காற்றும் இல்லை. கூரையே இல்லாத கொட்டகையிலிருந்து ஒரே ஒரு தரம் 'டப்' என்றது. செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "சாப்ட வா மாமா" என்று எழுந்து போனாள்.

அது நெசம் அக்கா. அந்தக் கொஞ்சூண்டு மட்டும் நெசம்.

இப்படிக்கு,
சீமாட்டிக்குப் பல் கட்டிய மகா வைத்தியன்,
செல்வியின் தாய்மாமன்,
உன் குட்டுக்காகத் தலையை இன்னும் சீவாமல் வைத்திருக்கும் தம்பி.