பேசுவதற்கு முன் கட்டிய பணம்

இன்று காலை அண்ணி மில்லைத் திறந்தார், அண்ணா. நீங்கள் போன பிறகு முதல்முறையாக மோட்டார் ஓடியது. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே சாமைத் தவிட்டின் இளஞ்சூட்டு வாசனை வந்து முகத்தில் மோதியது. உள்ளே போனால் நீங்கள் தூசி படிந்த பனியனோடு நிற்பீர்கள் என்று ஒரு கணம் என் கால்கள் நம்பிவிட்டன. கல் பிரிக்கும் இயந்திரம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது.

மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றி விளையும் சாமையை நீங்கள் அரைத்தீர்கள். நான் அதை பிக்கப் வண்டியில் ஆலங்காயத்துக்கும் வாணியம்பாடிக்கும் இறக்கினேன். பாக்கெட் இல்லை, மேலே பெயர் இல்லை, வெறும் கோணி மூட்டை. அப்படி விற்கும் தானியத்துக்கு வரி கிடையாது. கடைக்காரர்கள் கேட்டார்களே என்றுதான் ஜிஎஸ்டி எண் வாங்கினீர்கள். அதைப் பற்றி அப்புறம் நீங்கள் நினைத்ததுகூட இல்லை.

அந்த மழைக்காலத்தில் மேகம் இறங்கிச் சாலை வளைவுகளே தெரியாத நாட்களிலும் நாம் சிரித்துக்கொண்டு மூட்டை ஏற்றினோம். அதே நாட்களில் வரித்துறையின் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்து கிடந்தது. பதில் இல்லை என்று நினைவூட்டல் வந்தது. கடைசியில், நீங்கள் விற்றதெல்லாம் பாக்கெட் சரக்குதான் என்று முடிவுகட்டி வரியும் அபராதமும் விதித்த ஆணையும் வந்தது. எல்லாச் செய்தியும் எண் வாங்கித் தந்த ஆடிட்டரின் செல்போனுக்குப் போயிருக்கிறது. அவரோ அலுவலகத்தை மூடிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார்.

நமக்குத் தெரிந்தது பேங்கில்தான். "உங்க அக்கவுண்ட முடக்கியிருக்காங்க. வரி பாக்கியாம்" என்றார் கவுண்ட்டரில் இருந்த அம்மா.

"வேற யாரோடதாவது இருக்கும். நல்லா பாருங்கம்மா" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவர் திரையை நம் பக்கம் திருப்பினார். உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர், ஊர். சிரிப்பு உங்கள் முகத்தைவிட்டுப் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அது முழுதாகத் திரும்பவே இல்லை.

மலைக்குக் கீழே வரி அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை. நம்மை உட்காரச் சொல்லித் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"ஆர்டர் போட்டாச்சுங்க. இனிமே நான் ஒண்ணும் கேக்க முடியாது. அப்பீல்தான் போகணும். அதுக்கும் மூணு மாசக் கெடு முடிஞ்சிடுச்சு. காரணம் சொன்னா இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஆனா வரியில பத்துல ஒரு பங்கு முன்னாடியே கட்டணும்."

"கட்டலன்னா?"

"மனுவ எடுத்துக்கவே மாட்டாங்க."

"இன்னா சார் இது? என்னைய ஒரு வார்த்த கேக்காமலே எழுதிட்டீங்க. இப்ப நான் சொல்றத கேக்கறதுக்கே துட்டு கட்டணுமா?" என்றீர்கள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

முடக்கிய கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை விற்கிறேன் என்று நான் சொன்னபோது, "வண்டி போனா உன் வூடு இன்னாத்த தின்னும்?" என்று அதட்டினீர்கள். கணியம்பாடியிலிருந்து பழைய இயந்திரம் வாங்கும் ஒருவரை வரவழைத்து, கல் பிரிக்கும் இயந்திரத்தின் போல்ட்டுகளை நீங்களே கழற்றிக் கொடுத்தீர்கள்.

"மில்ல காப்பாத்த மில்லயே விப்பீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"மில்லுக்காக இல்ல. பேசறதுக்காக விக்கிறேன்" என்றீர்கள்.

பணம் என் கணக்கு வழியாகக் கட்டப்பட்டது. மனு ஏறியது, முடக்கமும் நீங்கியது. ஆனால் கல்லோடு சாமையை யார் வாங்குவார்கள்? மூட்டைகள் வேறு மில்லுக்குப் போயின. என் வண்டியில் அன்னாசியும் பலாவும் ஏறின. வேலையே இல்லாவிட்டாலும் நீங்கள் கூடவே வந்தீர்கள். வளைவுக்கு வளைவு, விசாரணையில் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்தீர்கள். "ஐயா, நான் பாக்கெட் போட்டது இல்லீங்க. கோணிய பிரிச்சு, கேட்ட அளவுக்கு அளந்து குடுக்கறேன். வந்து பாருங்க." அப்படிச் சொல்லும்போதெல்லாம் இடது தோளை நீவிக்கொண்டீர்கள். கேட்டதற்கு, "மூட்ட தூக்குனதுல புடிச்சிக்கிச்சு" என்றீர்கள். நீங்கள் மூட்டையைத் தொட்டு மாதக்கணக்காகியிருந்தது.

விசாரணைக்கு நாள் குறித்து வந்த வாரத்தில்தான் அது நடந்தது. விடியலில் அண்ணி கூப்பிட, உங்களை வண்டியில் சாய்த்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். பாதி வழியில் என் கையைப் பிடித்தீர்கள். "அந்த நாள விட்டுடாதடா." கீழே சேரும்போது பிடி தளர்ந்திருந்தது.

அந்த நாளை விடவில்லை, அண்ணா. அண்ணியும் நானும் போனோம். மேல்முறையீட்டு அதிகாரி ஒரு பெண். "வியாபாரி வரலீங்களா?" என்றார்.

"இறந்துட்டாருங்கம்மா" என்றார் அண்ணி. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வளைவுகளில் கேட்டதை அப்படியே நான் சொன்னேன். பில்களையும் கோணி மூட்டைப் படங்களையும் அவர் நிதானமாகப் பார்த்தார். "இதயெல்லாம் முன்னாடி யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்கம்மா. கேக்கணும்னுதான் துட்டு கட்டினாரு."

அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு அண்ணி எழுதிப் போட்டிருக்கிறார். அது வந்தால் இயந்திரம் வாங்குவதாகச் சொல்கிறார். அதுவரை நாலு பெண்கள் உட்கார்ந்து கல் பொறுக்குகிறார்கள்.

மோட்டாரை நிறுத்திய பிறகு அண்ணி உங்கள் செல்போனை நீட்டினார். இணையதளத்தில் இப்போது பதிவாகியிருப்பது உங்கள் செல்போன் எண்தான். அதில் ஒரு புதிய நோட்டீஸ். ரத்தான ஆணைக்கு அடுத்த ஆண்டுக் கணக்குக்கு, அதே குற்றச்சாட்டு, உங்கள் பெயருக்கு.

"மறுபடியும் துட்டு கட்டினாத்தான் பேச வுடுவாங்களா?"

"இல்ல அண்ணி. இன்னும் ஆர்டர் போடல. இப்பவே பதில் சொல்லலாம்."

அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. பதிலை எழுதி அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததா, யாராவது படிப்பார்களா, தெரியாது. உங்கள் செல்போனை இப்போது என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அண்ணா. மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது. வரும்போதெல்லாம் அது நெஞ்சின்மேல் அதிர்கிறது. அதை அணைத்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.