அம்மா போகாத மூன்று நாள்

சேசு மரி சூசை துணை

திருத்துறைப்பூண்டி
12.2.1973

அன்புள்ள அண்ணன் சவரிராஜ் அவர்களுக்குத் தங்கை அக்னஸ் எழுதுவது.

நேற்று மாலை நாலரை மணிக்கு அம்மாவை அடக்கம் செய்தோம். தந்தி கிடைத்தாலும் பிலாயிலிருந்து உங்களால் வந்து சேர முடியாது என்று தெரியும். அதனால் இருந்தவர்களை ஒருவர் விடாமல் எழுதுகிறேன். பங்குச் சாமியார், உபதேசியார், கோயில் பிள்ளை. நான், உங்கள் மச்சான், எங்கள் பிள்ளை ராஜாத்தி. நம் தெரு ஆட்கள் முப்பத்தொரு பேர். விவசாயச் சங்கத்துக்காரர்கள் பதினொரு பேர், கொடி இல்லாமல். பள்ளிவாசல் தெரு கமருன்னிஸா அக்கா. அவர்களுடைய மூன்று பிரசவத்துக்கும் அம்மாதான் கூட நின்றதாம், குழி மூடும்வரை போகவில்லை. ஆக நாற்பத்தொன்பது பேர்.

வர முடியாதவர் ஒருவர் உண்டு. உங்களுக்கு மறைத்ததை இனி மறைக்க வேண்டாம். பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் கைகால் விழுந்து படுத்தது எழுபது ஜூனில். பெண்டாட்டி முன்பே போயாகிவிட்டது, பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அம்மாதான் போய்த் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியது. போய் வந்த நாளுக்கெல்லாம் கோயில் நாள்காட்டியில் ஒரு சிலுவை போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். போகாதது மூன்றே நாள். அன்று உடம்புக்கு முடியவில்லைபோல.

இப்போது நான் போகிறேன். மச்சான் ராஜாத்தியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய்விட்டார். ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் பத்து நாளில் வரச் சொல்லியிருக்கிறார்.

தங்கை
அக்னஸ்

பிலாய்
22.2.1973

அன்புத் தங்கச்சி அக்னஸுக்கு,

அழுது தீர்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் கடிதத்தின் பின்பாதியைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

கூலிப் போராட்டத்தில் பண்ணை ஆட்கள் தேட, கோரையாற்றுச் சூளையில் நான் ஒளிந்திருந்தபோது அம்மா எனக்குச் சோறு கொண்டுவந்த வழியை மோப்பம் பிடித்துப் போலீசைக் கூட்டிவந்தவன் அவன். ஸ்டேசனில் வாங்கிய அடியில் இன்றைக்கும் என்னால் மல்லாந்து படுக்க முடியாது. நம் நிழல் பட்டால் குளித்தவனுக்கு நம் அம்மா கையால் கஞ்சியா? ஆண்டவர் மன்னிக்கச் சொன்னார், சரி. மலம் அள்ளவுமா சொன்னார்?

மனைப்பட்டா அம்மா பேரில் வந்துவிட்டதே, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? அதை உன் பேருக்கு மாற்றிக்கொள். நீ உன் வீட்டுக்குப் போ. அவன் வாசலை மிதித்தால் எனக்குத் தங்கை இல்லை. அம்மாவின் ஜெபமாலையை மட்டும் எனக்கு அனுப்பு.

அண்ணன்
சவரிராஜ்

திருத்துறைப்பூண்டி
9.3.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சொல்லை மீற நினைக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள நம் தெரு செவ்வந்தியை ஏற்பாடு செய்தேன். இரண்டு நாள் பார்த்தாள், அவள் ஊட்டியதை அவர் துப்பிவிட்டார். "ஒங்கம்மா வளத்த கெழவன், நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிப் போய்விட்டாள். மச்சான் இரண்டு கடிதம் போட்டுவிட்டார். இரண்டாவதில் நலம் விசாரிப்புகூட இல்லை. ராஜாத்தி அடுத்த வீட்டில் சாப்பிடுகிறாளாம்.

நேற்று, இதுதான் கடைசி என்று முடிவுசெய்துகொண்டு போனேன். அவருக்கு நினைவு தடுமாறுகிறது, என்னை அம்மா என்றே நினைக்கிறார். வாயைத் துடைக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மேரி, ஒம் மவன் சூளையில இருக்கான்னு நீதான் சொன்னேன்னு நான் யார்ட்டயும் சொல்லல. நீயும் சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான்."

துடைத்த துணியைக் கீழே வைத்தேன். அம்மாவாகவே இருந்து கேட்டேன், "எதுக்குச் சொன்னேன்?"

"ஆளுவ அருவாளோட தேடுறானுவ, ஸ்டேசன்ல இருந்தா உசுராவது மிஞ்சும்னு நீதான அழுத."

அண்ணா, நாள்காட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிலுவை இல்லாத மூன்று நாளும் ஜனவரி பத்தொன்பது. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, இந்த வருடம். உங்களைப் பிடித்துப்போன தேதி. அன்று அவர் முகத்தைப் பார்க்க அம்மாவால் முடியவில்லை. மற்ற நாளெல்லாம், தனக்கு வரவேண்டிய பழியைச் சுமந்தவருக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறது.

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அம்மாவின் கடன் உன்மேல் இல்லை, புருஷன் வீட்டுக்குப் போவது பாவமில்லை என்றார். ஆனால் போனால் இவர் ஈ மொய்த்துக் கிடப்பார். இருந்தால் என் வீடு போகும். கதவு திறந்துதான் இருக்கிறது, என்னால் தாண்ட முடியவில்லை.

இதை எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதாவிட்டால் நானும் அம்மாவைப்போல வாய் திறக்காமல் சாகவேண்டும். ஒரே ஒருமுறை வாருங்கள். அவர் கட்டிலருகே நின்று, எனக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு வழி பார்ப்போம். அம்மாமேல் கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள்.

ஜெபமாலையை இதோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அக்னஸ்

திருத்துறைப்பூண்டி
16.4.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்டு ஆனதால் அந்த விஷயம் எழுதவில்லை, தபால்காரர் படிப்பார். ரிஜிஸ்டர் தபாலை வாங்கிக்கொண்டதற்கான அட்டை மார்ச் இருபதாம் தேதியே திரும்பி வந்துவிட்டது. உங்கள் கையெழுத்துதான், ஜகரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மச்சான் இப்போது எழுதுவதில்லை. ராஜாத்தி மட்டும் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள், எப்போது வருவாய் என்று. குருத்து ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேரே அங்கே போனேன். நாள்காட்டியில் சிலுவை போடுவது இப்போது நான். விட்ட நாள் இல்லை.

ஜெபமாலை அறுபடாமல் வந்ததா, நீங்கள் வருகிறீர்களா இல்லையா, இந்த இரண்டுக்கும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அக்னஸ்